வெறும் பெட்டி திரும்பிப் போகக்கூடாது

1

வாக்குப் போடப் போன இடத்தில் என் சுண்டுவிரலில் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினார்கள். நோர்வேயில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது நானாகத் தேடிக்கொண்டது.

நான் இருப்பது பேர்கன் என்ற நகரத்தில். இலங்கையின் வடக்குக் கடலில் இருக்கிற என் ஊர் நெடுந்தீவில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், இங்கே மழைதான் நிரந்தரக் குடி. மனிதர்தான் வந்து போகிறவர்கள். வந்த புதிதில் வானம் இருண்டால் ஓடிப்போய் பல்கனியில் வாளி வைப்பேன். நல்ல தண்ணிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு வானத்தில் இருந்து விழுவதைச் சும்மா விட மனம் வராது. மகன் ராசன் குழாயைத் திறந்து காட்டி, இதற்குள்ளும் அதே தண்ணிதான் வருகிறது அம்மா என்றான். நான் அந்தக் குழாயைக் கும்பிட்டேன். இப்போது கும்பிடுவதில்லை. ஆனால் திறக்கிறபோது மனதுக்குள் ஒரு நன்றி சொல்லாமல் விடுவதும் இல்லை.

அண்மையில் இங்கே நகரசபைத் தேர்தல் நடந்தது. ராசனின் மகள் ஆரணி, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பள்ளிக்கூடம்தான். மறைப்புக்குள் போய்க் கட்சிக் கடதாசி ஒன்றைத் தெரிந்தெடுத்து மடித்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். மேசையில் பொன்னிறத் தலைமயிரோடு ஒரு பிள்ளை இருந்தாள். அடையாள அட்டையைக் கேட்டாள், கொடுத்தேன். அட்டையைக் கொடுத்தால் அடுத்தது விரல். என் கைக்கு அப்படித்தான் பழக்கம். இடதுகைச் சுண்டுவிரலை அவளுக்கு முன்னால் நீட்டினேன்.

அவள் விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். விளங்காததற்கெல்லாம் “யா” என்று சொல்வது என் வழக்கம்; அதாவது ஓம். இந்த நாட்டில் ஓம் சொன்ன கிழவியை ஒருவரும் கோபித்ததில்லை. அவள் உடனே எழும்பிப் போய், சிவப்புச் சிலுவை போட்ட பெட்டியைக் கொண்டுவந்து, விரலைத் தன் கையில் வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினாள். ஒட்டிவிட்டு மெல்ல ஊதியும் விட்டாள். பிறகுதான் என் கடதாசியில் முத்திரை குத்தினாள். வலிக்கிறதா என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள்.

வெளியில் வந்ததும் ஆரணி விசாரித்தாள்.

“அப்பம்மா, ஏன் விரலை நீட்டினீங்கள்?”

“மை பூச வேண்டாமோ?”

“என்னத்துக்கு மை?”

“திருப்பி வந்து இன்னொரு வாக்குப் போடாமல் இருக்கத்தான்.”

“நீங்கள் திருப்பி வருவீங்கள் எண்டு இஞ்ச ஆரும் நினைக்க மாட்டினம்.”

அப்படி நினைக்காத ஊரில் இருப்பது பெரிய புண்ணியம் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் அதைப் பகிடியாக எடுத்துச் சிரித்தாள். பேருந்தில் ஏறிய பிறகும் நான் பிளாஸ்டரைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, என்ன சிரிப்பு என்று கேட்டாள். இந்த விரலுக்கு முன்னமும் ஒருமுறை கட்டுப் போட்டது, அதுவும் வாக்குப் போட்டதாலே என்றேன்.

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

2

ஆரணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இரவில் சோறு வேண்டாம் என்பாள். கோயிலுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிய இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பாள். தம்பியோடு சண்டை பிடிப்பது நோர்வே மொழியில். கனவு காண்பதும் அதில்தான் என்று நினைக்கிறேன். பிள்ளை எங்களிடம் இருந்து மெல்ல மெல்லக் கழன்று போகிறாள் என்று நான் கவலைப்பட்ட காலம் உண்டு.

ஆனால் அவள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை என்னவென்றால், இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் கட்டுரை எழுதுவது. சம்பளம் இல்லை. எழுதியவர் பெயரும் மேலே வராது. உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவரும் எழுதலாம், மற்றவர் எழுதியதைத் திருத்தலாம், அழிக்கலாம். கேட்டபோது எனக்கு எங்கள் ஊரில் சனம் கூடிக் கதை அளக்கிற சந்திக் கொட்டில்தான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் அப்படித்தான், ஒருவன் சொன்னதை அடுத்தவன் வந்து அழிப்பான். வித்தியாசம், இங்கே அழித்தால் ஏன் அழித்தேன் என்று காரணம் எழுதவேண்டுமாம். நல்ல வழக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதனால் நான் சொல்ல, இதையும் அவள்தான் கணினியில் தட்டித் தருகிறாள். இலக்கணம் ஒழுங்காக இருந்தால் அது அவளுடையது. பகிடி இருந்தால் என்னுடையது.

அவள் அந்த நாட்களில் எழுதிக்கொண்டிருந்தது, இலங்கையில் நடந்த ஒரு ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி. வடக்கில் சனம் வீட்டுக்குள் இருந்துவிட்ட அந்தத் தேர்தல். வென்றவர் கொஞ்ச வாக்கால்தான் வென்றார். வடக்குச் சனம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நாடு முழுக்க வாக்குவாதம். அந்தக் கட்டுரையும் ஒரு போர்க்களம். ஒருவர் வந்து “மக்கள் புறக்கணித்தார்கள்” என்று எழுதுவாராம். மற்றவர் வந்து அதை அழித்து “மக்கள் தடுக்கப்பட்டார்கள்” என்று எழுதுவாராம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது, ஒரே அடுப்படிக்குள்.

பேருந்தால் இறங்கி வீட்டுக்கு வந்ததும் ஆரணி கணினியைத் திறந்து, தான் எழுதியிருந்த வசனத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். நெடுந்தீவில், எங்கள் பகுதி வாக்களிப்பு நிலையத்தில், ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஒரு பழைய பத்திரிகைச் செய்தியில் இருந்து எடுத்தாளாம்.

“ஒருவரும் எண்டால், நான் ஆர்?” என்று கேட்டேன்.

3

அந்த நாளைச் சொல்கிறேன். ஒரு பக்கத்தார் வாக்குப் போடு என்றார்கள். மற்றப் பக்கத்தார் வீட்டை விட்டு வெளிக்கிடாதே என்றார்கள். இரண்டு பக்கத்திடமும் சுடுகிற துவக்கு இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் நெடுந்தீவுச் சனம் செய்வது ஒன்றுதான்: படலையைச் சாத்திவிட்டுச் சமைப்பது. பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு நோர்வேயில் இருந்து ராசன் எடுத்து, அம்மா, வாசலுக்கும் போகாதேங்கோ என்று சொல்லியிருந்தான்.

நானும் போவதாக இல்லை. ஆனால் வாக்குப் பெட்டியோடு வந்த உத்தியோகத்தர்கள் முதல்நாளே படகில் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். கடை எல்லாம் பூட்டு. எங்கள் தீவில், படகால் இறங்கியவர் பசியோடு திரும்பிப் போனால் அது ஊருக்கே மானக்கேடு. என் மனுசன் ஒரு காலம் தெற்கில் கடை வைத்திருந்தவர். அந்த ஊர்ச் சனம் தனக்குச் சோறு போட்டதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு புட்டையும் மீன் குழம்பையும் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, கல்வேலி ஓரமாகக் குனிந்து குனிந்து போனேன். வழியில் என்னைக் கண்டது எங்கள் தீவில் திரிகிற காட்டுக் குதிரை ஒன்று மட்டும்தான். அது இன்றுவரை ஒரு பத்திரிகைக்கும் பேட்டி கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாலைந்து பேர் சும்மா இருந்தார்கள். அவர்களில் ஒரு சிங்களப் பெண்மணி. என்னைவிடக் கொஞ்சம் இளையவர். மரியாதையாக நோனா என்று கூப்பிட்டேன். மனுசன் சொல்லித் தந்த சிங்களத்தில் அதுவும் சாப்பிடச் சொல்லும் சொல்லும்தான் எனக்கு மிச்சம். இரண்டும் அன்றைக்குப் போதுமாக இருந்தன. அவர் அரைகுறைத் தமிழில் சொன்னார்.

“அம்மா, ஒராளும் வரேல்ல.”

எல்லோரும் சாப்பிட்டார்கள். நோனா எழும்பிப் போய்த் தூக்குச்சட்டியைத் தானே கழுவினார். கழுவிவிட்டு, தன் பையைத் திறந்து, தெற்கில் காய்ச்சுகிற கறுத்தக் கித்துள் கருப்பட்டி ஒரு துண்டை அதற்குள் வைத்து என்னிடம் நீட்டினார்.

அங்கேதான் நான் மாட்டுப்பட்டேன். எங்கள் வீட்டில் மாமியார் பழக்கிய பழக்கம் ஒன்று. ஒருவர் வீட்டு ஏனம் உன் வீட்டுக்கு வந்தால் வெறுமையாய்த் திருப்பி அனுப்பக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் நாலு பச்சைமிளகாய், அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி உப்பு. இங்கே பேர்கனிலும் நான் அதை விடவில்லை. பக்கத்து வீட்டு இங்கர் கேக் கொண்டுவந்த தகரத்தில் வடை போட்டு அனுப்பினேன். அவள் அதில் பிஸ்கட் போட்டு அனுப்பினாள். அந்தத் தகரம் அன்று தொடங்கி இன்றுவரை வெறுமையாய்ப் படியேறியதில்லை. அவளுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவளுடையது தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கதைப்பது அந்தத் தகரம்தான்.

என் சட்டி நிறைந்து திரும்பப் போகிறது. மூலையில் அவர்களுடைய வாக்குப் பெட்டி வெறும் பெட்டியாக இருக்கிறது. படகில் ஏற்றி, கடல் தாண்டி, எங்கள் ஊருக்கு வந்த ஏனம் அது. அதை எப்படி வெறுமையாய் அனுப்புவது?

அரசியல் என்று ஒன்றும் எனக்கு அப்போது மண்டையில் இல்லை. அடையாள அட்டை இடுப்பில் இருந்தது. அந்தக் காலத்தில் சீலை இல்லாமல் வெளிக்கிட்டாலும் வெளிக்கிடலாம், அட்டை இல்லாமல் ஏலாது. எடுத்து நீட்டினேன். நோனா அட்டையை வாங்கினார். வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பிறகு என் விரலைப் பிடித்து மை பூசினார். முடிந்த அளவு கொஞ்சமாகப் பூசினார்.

4

வீட்டுக்கு வந்து சட்டியை இறக்கும்போது மனுசன் விரலைக் கண்டுவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. ஆருக்கு என்றும் கேட்கவில்லை. பழைய சீலைத் துண்டு ஒன்றைக் கிழித்து, தானே விரலில் சுற்றிக் கட்டினார்.

“நண்டு கடிச்சது எண்டு சொல்லு,” என்றார்.

வாழ்ந்த காலத்தில் அவர் எனக்குச் சங்கிலி வாங்கித் தந்ததை எல்லாம் விட, இந்த ஒரு முடிச்சுக்குத்தான் நான் அதிகம் நன்றி உள்ளவள்.

அடுத்தநாள் நல்ல தண்ணிக் கிணற்றடிக்குப் போனால், மனுசனின் தங்கச்சி, என் மச்சாள் புவனம், குடத்தோடு நிற்கிறாள். அவளுடைய இடதுகைச் சுண்டுவிரலிலும் ஒரு துணி. பனை மட்டையின் கருக்கு வெட்டியதாம். அவளுக்குப் பின்னால் நின்ற இன்னொரு பெண்ணுக்கும் அதே விரலில் துணி. மீன் வெட்டிய கத்தியாம். என்னுடையது நண்டு. மூன்று பேரும் ஒருவர் விரலை ஒருவர் பார்த்தோம். பிறகு தண்ணியைப் பற்றிக் கதைத்தோம். அந்தக் கிழமை முழுக்க எங்கள் தீவில் இடதுகைச் சுண்டுவிரலுக்கு மட்டும் கெட்ட காலம்.

மை போகும்வரைக்கும் காயம் ஆறவில்லை. அதற்குப் பிறகும் நானும் புவனமும் எத்தனையோ கதைத்திருக்கிறோம்; செத்தவீடு, கலியாணவீடு, ஆர் பிள்ளை ஆரோடு ஓடிப்போனது வரைக்கும். விரலைப் பற்றி மட்டும் கதைத்ததில்லை.

5

கதை முழுக்கக் கேட்ட ஆரணி, என் பாட்டி வாக்குப் போட்டவர் என்று காரணம் எழுதி, “ஒருவரும்” என்பதை அழித்து “மிகச் சிலரே” என்று மாற்றினாள். எனக்குப் பெருமையாய் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது பழையபடி “ஒருவரும்” ஆகிவிட்டது. மாற்றியவர் அங்கே கடலோடி என்ற பெயரில் எழுதுகிறவர். ஆர், எந்த நாடு, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. நான் பெரிய மீசை ஒன்றை வைத்துக் கற்பனை செய்துகொண்டேன்.

கடலோடி காரணம் எழுதியிருந்தார். தங்கள் பாட்டியார் மீது மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் ஒருவரின் நினைவு சான்று ஆகாது. அச்சில் வந்த, நம்பத்தகுந்த மூலம் வேண்டும். ஆரணி கோபித்துக்கொண்டு பெரிதாகப் பதில் தட்டத் தொடங்கினாள். நான்தான் வேண்டாம் என்றேன். இந்தச் சான்று விளையாட்டு எனக்குப் புதிது இல்லை.

நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு விண்ணப்பம் போட்டபோது, ராசன் என் மகன்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அவன் பிறக்கும்போது கால் முந்தி வந்து என்னை இரண்டு நாள் படுத்தியதைச் சொன்னேன். அது சான்று இல்லையாம். கடைசியில் என் வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சில் எடுத்தார்கள். அவனுடைய வாயிலும் எடுத்தார்கள். பெற்ற வயிறு சாட்சி ஆகவில்லை, எச்சில் சாட்சி ஆனது. அப்போது எனக்கு ரோசம் வந்தது உண்மை. ஆனால் அந்த எச்சிலை நம்பித்தான் எனக்கு வீடும் மருந்தும் திறந்தால் வருகிற தண்ணியும் தந்தார்கள். காலையில் பேருந்து ஏறும்போது சாரதிக்கு “இனிய இரவு” என்று சொல்லிக்கொண்டு ஏறுகிறவளை, அவரும் “இனிய இரவு” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிற நாடு இது. எல்லாரையும் நம்பிவிட்டால் கலைக்களஞ்சியமும் சந்திக் கொட்டில் ஆகிவிடும் என்பது எனக்கு விளங்குகிறது. கடலோடி சரியாகத்தான் கேட்கிறார்.

அவர் நம்பாதது எனக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறு இடத்தில். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது வேலை முடிந்து வந்த ராசன், சப்பாத்தைக் கழற்றியபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். என் பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் அவனுக்கு ஊர் என்றால் ஒரே குரலில் கதைக்கிற ஊர். இங்கே தமிழர் கூடுகிற இடமெல்லாம், அந்தத் தேர்தலில் எங்கள் தீவில் ஒரு சனம் போகவில்லை என்று எழும்பி நின்று சொல்கிறவன். அவன் இல்லாத ஊரில் நடந்ததில் அவனுக்கு இருந்த ஒரே பங்கு அந்தப் பெருமைதான்.

“அம்மா, அது வேற தேர்தலா இருக்கும்,” என்றான். “உங்களுக்கு நினைவு மாறீட்டுது. வயசுக்கு அது வழமைதான்.”

அன்பாகத்தான் சொன்னான். தோளிலும் தடவினான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்கிறாய் என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். மறந்துவிட்டாய் என்று சொன்ன பிள்ளையோடு எப்படிச் சண்டை பிடிப்பது? இனி நான் உப்புப் போட்டேன் என்றாலும் சட்டியைத் திறந்து ருசி பார்ப்பான். நாலு பேர் முன்னால் எதைச் சொன்னாலும், பாவம், வயது என்று ஒரு சிரிப்புச் சிரிப்பான். கலைக்களஞ்சியத்தில் நான் இல்லாவிட்டால் குற்றம் இல்லை. என் வீட்டில் நான் சொன்ன சொல் நிற்கவேண்டும்.

“புவனம் மச்சாளுக்குப் போனைப் போடு,” என்றேன் ஆரணியிடம்.

6

எனக்குப் பயம் இருந்தது. புவனம் இன்னமும் அதே ஊரில், அதே வளவில் இருக்கிறவள். இத்தனை காலம் மூடி வைத்ததை, மருமகனான ராசனுக்கு முன்னால் திறப்பாளா? கருக்குத்தான் வெட்டியது என்று ஒரே பிடியாய் நின்றால் என் கதை முடிந்தது. ராசன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு, போனின் படத்தில் விழாத மாதிரி எனக்குப் பக்கத்தில் இருந்தான். நான் அதை மறைக்கவில்லை. பக்கத்தில் ராசனும் பேத்தியும் இருக்கினம் என்று முதலே சொல்லிவிட்டேன்.

முகம் தெரிந்தது. கோழிச் சத்தம், வெயில், அவளுடைய மூக்குத்தி. சுகம் கேட்டாள். எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் வராத இடத்தில் கை வந்தது. பிளாஸ்டர் ஒட்டிய சுண்டுவிரலைத் தூக்கிப் போனுக்கு முன்னால் காட்டினேன்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

“என்ன மச்சாள்,” என்றாள். “நோர்வேயிலயும் நண்டு கடிக்குதோ?”

“ஓம். உமக்குக் கருக்கு வெட்டின காயம் ஆறீட்டுதோ?”

புவனம் சிரிக்கத் தொடங்கினாள். பல்லில்லாத வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு கிழவிகளும் கடலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் சிரித்து ஓய்ந்தோம். பிறகு அவளாகவே சொன்னாள்.

“நான் தேத்தண்ணி கொண்டு போனனான் மச்சாள். சும்மா குடுத்திட்டு வருவம் எண்டுதான் போனனான். அந்த நோனா கேத்திலைக் கழுவி, உள்ளுக்குக் கறுத்தக் கருப்பட்டி ஒரு துண்டு வைச்சுத் தந்திட்டா. பேந்து நான் எப்பிடி அந்தப் பெட்டியை வெறுமையா அனுப்புறது? அம்மா மேல இருந்து பாத்தால் ஏச மாட்டாவோ?”

அவளுடைய அம்மா என்றால் என் மாமியார். ராசன் கோப்பையைக் கீழே வைத்தான். கருப்பட்டியைப் பற்றி நான் இந்த அழைப்பில் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பெட்டி வெறுமையாய் இருந்தது என்று உமக்கு எப்படித் தெரியும் என்று புவனத்திடம் கேட்டேன். நான் அதற்கு முன்னமே போட்டுவிட்டேனே.

“நீர் எனக்குப் பிறகுதான் போயிருப்பீர். நோனா எனக்குத் தன்ர வாயாலயே சொன்னவ, அம்மா, ஒராளும் வரேல்ல எண்டு.”

“எனக்கும் அப்பிடித்தான் சொன்னவ, மச்சாள்.”

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. எங்கள் இருவரில் ஒருத்தி மற்றவளுக்குப் பிறகுதான் போயிருக்கிறாள். அந்த ஒருத்திக்கு நோனா பொய் சொல்லியிருக்கிறார். முதல் வந்தவள் ஆர் என்று அடுத்தவளுக்குத் தெரியக்கூடாது என்று சொன்ன பொய். ஒரே வேலிக்குள் இருக்கிற மச்சாள்மார் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு ஆள் அடுத்த ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடிய காலம் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. பாதுகாப்பு என்று எத்தனையோ பேர் எங்களுக்கு எத்தனையோ தந்தார்கள். எனக்குக் கிடைத்ததிலே நல்லது அந்த நோனாவின் ஒரு வரிப் பொய். எங்கே இருந்தாலும் அவருடைய சட்டி வெறுமையாய் இருக்கக்கூடாது.

இருந்தாலும் முதல் போனது நான்தான். புவனம் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அதில் எங்களுக்குள் பிணக்கு இருக்கிறது.

போனை வைத்த பிறகு ராசன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

“நான் அண்டைக்குப் போன் எடுத்து, போகாதேங்கோ எண்டு சொன்னனான் அம்மா.”

“ஓம், நீ ரெண்டாந்தரமும் எடுத்தாய். விரலைத் துணியால சுத்திக்கொண்டுதான் கேட்டுக்கொண்டு நிண்டனான்.”

“எனக்குப் பயமா இருந்தது.”

“தெரியும் தம்பி. அதுதான் சொல்லேல்லை.”

அவன் என் கையை எடுத்துப் பிளாஸ்டரைப் பார்த்தான். பிறகு, ஆருக்குப் போட்டீங்கள் என்று மெல்லக் கேட்டான். பெட்டிக்குள் போட்டதைத் திருப்பி எடுக்க ஏலாது என்றேன். அடுத்த வாரம் தமிழர் ஒன்றுகூடல் ஒன்றில் யாரோ அந்தத் தேர்தல் கதையைத் தொடங்கினார்கள். ராசன் வழக்கம்போல எழும்பவில்லை. எங்கட ஊரில கனபேர் போகேல்லை என்று இருந்தபடியே சொன்னான். கனபேர். “ஒருவரும்” இறங்கிப் “பலர்” ஆன அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது.

7

கடலோடி விட்டுவிடவில்லை. இரண்டு நாள் யோசித்திருக்கிறார் போல. “ஒருவரும் வாக்களிக்கவில்லை” என்பதற்கு முன்னால் “அக்காலச் செய்தி அறிக்கைகளின்படி” என்று சேர்த்துவிட்டார். அதாவது, போகவில்லை என்று சொன்னது பத்திரிகை, கலைக்களஞ்சியம் இல்லை. ஆரணிக்கு அது போதவில்லை. எனக்குப் போதும். அந்த மனிதர் என்னை நம்பவும் இல்லை, பொய்க்காரி ஆக்கவும் இல்லை. படலையை ஒருக்களித்து விட்டிருக்கிறார்.

அவருக்கு வெறும் “சரி” என்று பதில் அனுப்பாதே என்று ஆரணிக்குச் சொல்லி, நண்டுக் குழம்பு வைக்கிற விதத்தை முருங்கை இலை போடுகிற நேரம் வரைக்கும் சொல்லித் தட்டுவித்தேன். பதில் வந்தது. நன்றி அம்மா, இதற்கு நான் சான்று கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு வரி: தங்கள் நினைவும் ஒருநாள் அச்சில் வந்தால், அப்போது எடுத்துப் பார்க்கலாம்.

ஆரணி என்னைப் பார்த்தாள். இந்தக் குறிப்பு பிறந்தது அப்படித்தான். எழுதலாமோ என்று புவனத்திடம் கேட்டேன். எழுதும், ஆனால் என்ர பேரை மாத்திப் போடும் என்றாள். மாற்றித்தான் போட்டிருக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு மச்சாள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதை அவளும் நானும் அந்த நேரம் யோசிக்கவில்லை.

இது அச்சில் வந்தால், கடலோடி சம்மதித்தால், “மிகச் சிலரே” என்ற சொல் திரும்பவும் அந்தக் கட்டுரைக்குள் வரும். சான்று இருக்கிற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலக்கம் போடுவார்களாம். ஆரணி வேறு கட்டுரை ஒன்றைத் திறந்து காட்டினாள். சொல்லின் நுனியில், கொஞ்சம் மேலே, நீலமாய் ஒரு பொட்டு. எனக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. நோனா கொஞ்சமாய்ப் பூசிய மை அந்த அளவுதான் இருந்தது.

இந்த முறை நான் அதைத் துணியால் சுற்றப் போவதில்லை.